மோர்க்காரியின் சீடர்

மருதடி மலைக்கு எண்ணூற்று அறுபத்து நாலு படிகள். உச்சியில் ஒரு மருத மரம். மரத்தடியில் ஒரு கல். அந்தக் கல்தான் சாமி, பெயர் மருதடியான்.

பங்குனித் திருவிழாவின் கடைசி நாள், காலைப் பூசை முடிந்ததும், அந்தக் கல் எப்படிச் சாமி ஆனது என்ற கதையை ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொல்பவர் தன் காலால் ஏறி வர வேண்டும். டோலி கூடாது. அவ்வளவுதான் வழக்கம்.

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கதையைச் சொல்லி வந்தவர் குகானந்தம். வயது ஐம்பத்தெட்டு. மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் அவருக்கு. கதை சொல்லப் போன ஊர்களில் எல்லாம் இலை போட்ட பிறகுதான் மற்ற பேச்சு என்பதால், உடம்பும் குரலுக்குச் சமமாக வளர்ந்திருந்தது.

போன பங்குனியில் அவர் ஐந்நூறாவது படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. மரத்தடியில் அமர்ந்து வாயைத் திறந்தார். மூச்சு வந்தது, சொல் வரவில்லை. கூட வந்திருந்த அவருடைய மாணவன் இன்பநாதன் எழுந்து கதையைச் சொல்லி முடித்தான். நன்றாகவே சொன்னான். குகானந்தத்துக்கு அதுதான் பெரிய வலியாக இருந்தது.

ஆவணி மாதம் திருவிழாக் கமிட்டித் தலைவர் தெய்வநாயகம் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். மழையைப் பற்றியும் பேருந்து நேரம் மாறியதைப் பற்றியும் பேசினார். எழுந்து செருப்பை மாட்டும்போது சொல்ல வந்ததைச் சொன்னார்.

"இந்த வருசமும் நீங்கதான் சொல்லணும்னு எல்லாருக்கும் ஆசை. ஆனா பூசை முடியிற நேரத்துக்கு மரத்தடியில இருக்கணும் அண்ணாச்சி. இல்லைன்னா தம்பி இன்பநாதன் உட்காரட்டும். நீங்க வருத்தப்படக் கூடாது."

குகானந்தம் வருத்தப்படவில்லை என்றார். அன்று மத்தியானம் சாப்பிடவும் இல்லை. அவர் சாப்பிடாததைப் பார்த்து மனைவி செண்பகவடிவு பயந்து, மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் நெஞ்சுக்கு என்னென்ன சோதனை உண்டோ எல்லாம் செய்து பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, வாய் உழைத்த அளவுக்கு உடம்பு உழைக்கவில்லை, நடந்தால் சரியாகும் என்றார். எவ்வளவு நடக்க வேண்டும் என்று குகானந்தம் கேட்டார். உடம்புக்குத் தக்கபடி என்றார் டாக்டர். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

உடம்புக்குத் தக்கபடி என்றால் எவ்வளவு? குகானந்தம் அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தார்.

அவருடைய அக்காள் மகன் சத்தியசீலன் ஜிம் வைத்திருந்தான். உடம்பு அழ வேண்டும், அழுதால்தான் சொன்ன பேச்சு கேட்கும் என்பது அவன் கட்சி. விசிலோடு மாமாவை மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போனான். முதல் நாள் முந்நூறு படி. நடுவில் நிற்கப் பார்த்தால் விசில். மறுநாளும் முந்நூறு. மூன்றாம் நாள் காலையில் கட்டிலைவிட்டு அவரை இறக்க, செண்பகவடிவு எதிர்வீட்டுக்காரரையும் அழைக்க வேண்டியிருந்தது. ஒன்பது நாள் படுக்கை. வேப்பெண்ணெய் வாசம் தெரு முனை வரைக்கும் அடித்தது.

புரட்டாசியில் ஓய்வுபெற்ற நண்பர்கள் நாலு பேர் வந்து பார்த்தார்கள். இந்த வயதில் முரட்டு வேலை ஆகாது, பதமாகப் போக வேண்டும், எங்களோடு வாரும் என்றார்கள். தினமும் மாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வழியில் தெரிந்தவர் எல்லாருடனும் நின்று பேசினார்கள். நடை முடியும் இடத்தில் ஒரு வாழைக்காய் பஜ்ஜிக் கடை இருந்தது. ஐப்பசி முடிவில் குகானந்தத்தின் சட்டையில் மேலும் ஒரு பொத்தான் போட முடியாமல் போயிற்று.

கார்த்திகை பிறந்து, மழை விட்டு, படிகள் காய்ந்தன. இவ்வளவு நாள் நடந்ததற்கு ஏதாவது பலன் இருக்கும் என்று நினைத்து ஒரு காலையில் தனியாக மலைக்குப் போனார். நாற்பதாவது படியில் உட்கார்ந்தார்.

அப்போது மாடத்தி ஏறி வந்தாள். அவளை அவருக்குப் பல வருடமாகத் தெரியும், ஆனால் கவனித்துப் பார்த்ததில்லை. உச்சியில் மோர் விற்கிறவள். நாற்பது வயது, ஒடிசலான உடம்பு. தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் நிறைகுடம் மோர், கையில் ஒரு தூக்குவாளி. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை என்று பதினெட்டு வருடமாக ஏறுகிறாள். வேகமாகவும் ஏறவில்லை, மெதுவாகவும் ஏறவில்லை. குகானந்தத்தைத் தாண்டி, வளைவில் திரும்பி மறைகிறவரை அவள் கால்கள் ஒரே மாதிரி விழுந்தன.

குடம் காலியாகி அவள் இறங்கி வரும்போதும் அவர் அதே படியில் இருந்தார். இப்படி ஏறுவது எப்படி என்று கேட்டார்.

"தெரியாது சாமி. ஏறுதேன்" என்றாள் மாடத்தி. வீட்டில் தயிர் கடைய வேண்டும் என்று போய்விட்டாள்.

மறுநாள் குகானந்தம் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். மாடத்தி மத்தைக் கையிலிருந்து விடவில்லை.

கதை சொல்கிறவர் அவர், மோர் விற்கிறவள் தான், தட்டு இடம் மாறி வந்திருக்கிறது என்றாள். குகானந்தம் தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. போன பங்குனியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வாயைத் திறந்ததையும், மூச்சு மட்டும் வந்ததையும், இன்பநாதன் நன்றாகச் சொன்னதையும், அது தனக்குப் பொறுக்காமல் போனதையும் சொன்னார்.

மாடத்தி கடைவதை நிறுத்தினாள். சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க. கைத்தடி வேண்டாம். ரெண்டு இட்லிக்கு மேலயும் வேண்டாம்."

"எத்தனை படி ஏறணும்?"

"அது படிக்குத்தான் தெரியும்."

அன்றிலிருந்து அவளை அவர் 'நீங்க' என்று அழைத்தார். அவள் வேண்டாம் என்றாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சுக் கேட்கவில்லை.

மறுநாள் அடிவாரத்தில் மாடத்தி குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "கல்லு சாமியான மலைக் கதையைச் சொல்லிக்கிட்டே வாங்க சாமி. திருவிழா அன்னிக்கி நான் மோர் விக்கிறதால ஒரு வருசம்கூட முழுசாக் கேட்டதில்ல" என்றாள்.

குகானந்தத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. யானையைத் தொலைத்த ராசாவின் கதை அது. ராசா யானையைத் தேடி வருகிறான். தேன் எடுக்கிற பெண் ஒருத்திக்கு யானை இருக்குமிடம் தெரியும். ஆனால் சொல்ல மாட்டாள். அவர் குரலை எடுத்துக் கம்பீரமாக ஆரம்பித்தார். மாடத்தியின் காலடிக்குச் சரியாகத் தன் காலடியையும் வைத்தார். இருபது படி தாண்டியதும் வாக்கியங்கள் குட்டையாயின. முப்பதாவது படியில் ராசா ஆற்றங்கரையில் நின்று, "ஏ பெண்ணே, என்னுடைய…" என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

மாடத்தி நின்றாள். "உன்னுடைய என்ன?"

குகானந்தம் கையை மட்டும் ஆட்டினார்.

அவள் குடத்தோடு அப்படியே நின்றாள். அவருக்கு மூச்சு அடங்கியதும், "ராசா கேட்டு முடிக்கட்டும். பெறவு போவோம்" என்றாள். ராசா கேட்டு முடித்தான். மறுபடி ஏறினார்கள்.

இந்தத் தடவை குகானந்தம் சுதாரித்துக்கொண்டார். ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, நின்று, சுற்றிப் பார்த்து, அடுத்த படிக்குப் போனார். கதை தங்குதடையில்லாமல் ஓடியது. தேன் எடுக்கிற பெண் பதில் சொல்கிற இடத்தில் ஒரு பாட்டு வரும். அதையும் பாடினார். இழுத்து, நிரவி, கையால் தாளம் போட்டு முழுதாகப் பாடினார்.

மாடத்தி நாலு படி மேலே நின்று பாட்டு முடியும்வரை காத்திருந்தாள்.

"பாட்டு நல்லா இருக்கு. நான் கேட்டது கதை" என்றாள். "பாட வருதுன்னா கொஞ்சம் எட்டி வைங்க சாமி."

எட்டி வைத்தார். பாட்டு நின்றது. கதை நிற்கவில்லை. மூச்சு கொஞ்சம் பெரிதாக வந்தது, நெற்றியில் வேர்த்தது, ஆனால் ஆரம்பித்த வாக்கியம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. இரண்டு தடவை அறுந்தபோது நின்றார்கள். ஒரு தடவை பாட்டு வந்தபோது மாடத்தி திரும்பிப் பார்த்தாள். அவராகவே காலை எட்டி வைத்தார்.

நூற்று இருபதாவது படியில் போதும் என்றாள்.

"இன்னும் முடியும்" என்றார் குகானந்தம்.

"முடியும்னு தெரியுது. அதனாலதான் இறங்கச் சொல்லுதேன்."

அவள் மேலே போனாள். அவர் இறங்கி வீட்டுக்கு வந்து, செண்பகவடிவிடம் வேப்பெண்ணெய் எங்கே என்று கேட்டார். இரவு வலிக்கும் என்று காத்திருந்தார். கால் லேசாகக் கடுத்தது, அவ்வளவுதான். காலையில் தானாக விழிப்பு வந்துவிட்டது. மணி ஐந்துகூட ஆகவில்லை.

வாரத்துக்கு ஐந்து நாள் ஏறினார். மலைக் கதை தீர்ந்ததும் வேறு கதை, அது தீர்ந்ததும் இன்னொன்று. மார்கழியில் முந்நூறு படிக்கு வந்தார். அதே முந்நூறு படிதான், சத்தியசீலனின் விசிலுக்கு ஏறியது. அன்று இருட்டிக்கொண்டு வந்த கண்ணுக்கு இன்று வழியில் ஒரு கல்லால மரமும் அதில் குரங்குக் குட்டிகளும் தெரிந்தன. எதிரே இறங்கி வருகிறவர்கள் கதையின் ஒரு துண்டைக் கேட்டுவிட்டு, பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்துப் போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, முந்நூற்று ஐம்பதாம் படியிலிருக்கும் கல்மண்டபத்தின் முன்னால் மாடத்தி அவரைப் பேசாமல் வரச் சொன்னாள். "இங்கருந்து அந்த வேப்பமரம் வரைக்கும் கதை வேண்டாம். மூச்சைப் பத்தியும் கவலை வேண்டாம். விறுவிறுன்னு ஏறுங்க."

நாற்பது படி. குகானந்தம் விறுவிறு என்று ஏறி வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சு தவில் வாசித்தது.

"இப்போ விட்ட இடத்துலருந்து சொல்லுங்க."

சொல்ல முடியவில்லை. மாடத்தி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கதை திரும்பி வர வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படிச் செய்யச் சொன்னாள். மற்ற நாளில் கூடாது என்றாள். மூன்றாவது வெள்ளியில் கதை சீக்கிரம் வந்தது. தை மாதக் கடைசி வெள்ளியில், வேப்பமரத்தைத் தொட்டு நாலு மூச்சு விட்டதும் விட்ட வாக்கியத்தை எடுத்துக்கொண்டார். மாடத்தி வாளியைக் கீழே வைக்கவே இல்லை. அவருக்கு அது ஒரு பொன்னாடை போர்த்திய மாதிரி இருந்தது.

பொன்னாடை தலைக்கு ஏறியது. மறுநாள் சனிக்கிழமை அவருக்கு ஓய்வு. ஐந்நூறு படி வந்தவனுக்கு எண்ணூறு எம்மாத்திரம் என்று நினைத்து, மத்தியான வெயிலில் யாருக்கும் தெரியாமல் தனியாக ஏறினார். கதை சொல்லவில்லை, கேட்க யாரும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உச்சியைத் தொட்டார். மாடத்தி அப்போது மோர் விற்றுக்கொண்டிருந்ததால் மரத்துக்குப் பின்பக்கமாகக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

திங்கட்கிழமை காலை அறுபதாவது படியில் கதை அறுந்தது.

மாடத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். எங்கே போனார், எப்போது போனார் என்று கேட்கவில்லை. "இன்னிக்கி இவ்வளவுதான்" என்றாள்.

"வெள்ளிக்கிழமை ஐந்நூறு. இன்னிக்கி அறுபதா?"

"வெள்ளிக்கிழமை வந்த கால் வேற சாமி."

செவ்வாய்க்கிழமை நூறு. புதன்கிழமை இருநூற்று ஐம்பது. பழைய இடத்துக்கு வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் மாடத்தி அதே கவனத்தோடு கதை கேட்டாள். அறுபது படிக்கு ஒரு முகம், ஐந்நூறு படிக்கு ஒரு முகம் என்று அவளிடம் இல்லை.

அந்த வாரத்தில் பட்டது குகானந்தத்துக்குப் பயத்தைத் தந்துவிட்டது. அடுத்த வாரம் அவர் கொஞ்சம் தந்திரம் செய்தார். பாடினால்தானே எட்டி வைக்கச் சொல்கிறாள்? பாட்டே இல்லாத, நீட்டி முழக்கிச் சொல்கிற ஒரு வழக்குக் கதையை எடுத்தார். ஒவ்வொரு சாட்சியும் ஆற அமரப் பேசினான். அதற்குத் தக்கபடி அவரும் ஆற அமர ஏறினார். வேர்க்கவில்லை. கதை அறுந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

மாடத்தி நாலு நாள் கேட்டாள். ஐந்தாம் நாள் சொன்னாள்.

"இந்தக் கதை சோக்கா இருக்கு. ஆனா இதை வீட்ல உக்காந்தே சொல்லலாமே. எதுக்கு இவ்வளவு தூரம் வந்து சொல்லுதீங்க?"

குகானந்தம் வெட்கப்பட்டுச் சிரித்தார். அன்றே சாட்சிகளை எல்லாம் அனுப்பிவிட்டு, குதிரைகள் வருகிற கதைக்கு மாறினார்.

மாசிக் கடைசியில் எண்ணூற்று அறுபத்து நாலு படியையும் அவளோடு ஏறி முடித்தார். எல்லாமாக ஏழு தடவை கதை அறுந்தது. பங்குனி முதல் வாரத்தில் நாலு தடவை. செண்பகவடிவு சட்டைப் பொத்தான்களை இடம் மாற்றித் தைத்தாள்.

திருவிழாவின் கடைசி நாள் வந்தது. ஒன்பது மணிக்குப் பூசை முடியும். ஏழரைக்கு குகானந்தம் அடிவாரத்தில் நின்றார். மாடத்தி அவருக்கு முன்பே ஏறிக்கொண்டிருந்தாள். கூட வரவில்லையா என்று கேட்டார்.

"இன்னிக்கி மோர் யாரு விப்பா?" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

தெய்வநாயகமும் கமிட்டிக்காரர்களும் மேளத்தோடு புறப்பட்டார்கள். மேளம் பக்கத்தில் அடித்தால் கால் தன்னால் ஓடும். குகானந்தத்தின் காலும் ஓடியது. ஊரே பார்க்கிறது, போன வருடம் பாதியில் உட்கார்ந்தவர் இந்த வருடம் எப்படி ஏறுகிறார் என்று. இருநூறு படி எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை. தெய்வநாயகம் திரும்பிப் பார்த்து, பரவாயில்லையே என்கிற மாதிரி தலையாட்டினார். பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தார். போன வருடம் மரத்தடியில் வந்த அதே மூச்சு வந்தது.

அவர் படியின் ஓரத்துக்கு ஒதுங்கினார். மேளம் மேலே போயிற்று. கூட்டம் அவரைத் தாண்டிப் போயிற்று.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள் நின்று, டோலிக்காரரைக் கூப்பிடவா என்று பரிவோடு கேட்டார்கள். குகானந்தத்துக்குக் காது சிவந்தது. வேண்டாம் என்று தலையாட்டினார். மூச்சு இறங்கியதும், உங்களுக்கு ஒரு கதை சொல்லட்டுமா, ஏறிக்கொண்டே கேட்கலாம் என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், வயதானவர் என்று சரி என்றார்கள்.

திருவிழா அன்று மலைக் கதையை வழியில் சொல்லக் கூடாது. அதற்கு மரத்தடி இருக்கிறது. அதனால் புதிதாகக் கல்யாணமான ஒரு சோம்பேறி திருடப் போன கதையைச் சொன்னார். முதலில் அந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். பின்னால் வந்தவர்கள் எதற்குச் சிரிப்பு என்று பக்கத்தில் வந்தார்கள். முந்திப் போனவர்கள் சிலர் நின்று சேர்ந்துகொண்டார்கள். கல்மண்டபத்தைத் தாண்டும்போது இருபது பேர் இருந்தார்கள். அறுநூறாம் படியில் ஐம்பது பேர். நடுவில் மூன்று தடவை கதை அறுந்தது. மூன்று தடவையும் அவர் நின்றார். ஐம்பது பேரும் நின்றார்கள். திருடன் சுவரேறப் போகிற இடத்தில் அவர் நின்றதால், வேண்டுமென்றே நிறுத்துகிறார், பொல்லாத மனுசன் என்று பேசிக்கொண்டார்கள்.

எழுநூற்று அறுபத்து நாலாம் படியில் மேலே மணி அடிக்கத் தொடங்கியது. பூசை முடியப் போகிறது. ஓடுங்க ஓடுங்க என்றது கூட்டம்.

குகானந்தம் ஓடவில்லை. கதையை நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த நூறு படியையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, எட்டி எட்டி நாற்பது படி ஏறினார். நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று மூச்சு. "அப்போ அந்தத் திருடன் என்ன செஞ்சான்?" என்று கீழே பார்த்துக் கேட்டார். அவருக்கே கேட்டுவிட்டது, குரல் திரும்பிவிட்டது என்று. அடுத்த இருபது படிக்குக் கதை. பிறகு இன்னொரு நாற்பது படிக்கு மௌனம். உச்சியில் கால் வைத்தபோது சாமிக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மரத்தடியில் விரித்திருந்த சமுக்காளத்துக்குப் பக்கத்தில் இன்பநாதன் உட்கார்ந்திருந்தான். ஆசிரியரைப் பார்த்ததும் எழுந்து, சமுக்காளத்தின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டான். தேர்வு ரத்தான பையன் மாதிரி அவன் முகம் மலர்ந்திருந்தது. குகானந்தம் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். யானையைத் தொலைத்த ராசா ஊரைவிட்டுப் புறப்பட்டான்.

அந்த வருடம் கதை எப்படி இருந்தது என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. ராசா மலையேறுகிற இடத்தில், ஏறியவனுக்கு மட்டும் தெரிகிற சில விஷயங்கள் புதிதாக வந்தன என்கிறார்கள். ராசா பாதி வழியில் நின்றானாம்; முன்னெல்லாம் அவன் நின்றதே இல்லை. கோவில்பட்டிப் பெண்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்து, சொல்கிறவர் யாரென்று அப்போதுதான் தெரிந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

கதை முடிந்து தெய்வநாயகம் மாலை போட்டார். குகானந்தம் மாலையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு மோர்க் கடைக்குப் போனார். மாடத்திக்குத் தலை நிமிர நேரமில்லை. ஒரு டம்ளரை அவர் பக்கம் நீட்டிவிட்டு அடுத்தவருக்கு ஊற்றினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் அடிவாரத்தில் இருந்தார். மாடத்திக்கு ஆச்சரியம். திருவிழா முடிந்துவிட்டதே என்றாள். ஊரில் எல்லாரும் தன்னிடம் வந்து கேட்கிறார்கள் என்றார் குகானந்தம். எத்தனை படி, எத்தனை நாள் என்று சத்தியசீலனே வந்து கேட்டானாம். எதைச் சொல்வது? அவனுக்குக் கதை சொல்ல வராது.

மாடத்தி சும்மாட்டைச் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

குகானந்தத்துக்கு அதைவிட வேறு ஒன்று மனதில் இருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"நான் வாயை வச்சு அளந்துக்கிட்டேன். நீங்க ஏறும்போது ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்ல. நின்னாத்தான் பேசுவீங்க. நீங்க எதை வச்சு அளக்கீங்க?"

"காதை வச்சுத்தான் சாமி."

"காதையா?"

"கீழ சந்தைச் சத்தம் கேக்கும். குருவி கேக்கும். காத்து கேக்கும். எல்லாம் போயி என் மூச்சு மட்டும் கேக்க ஆரம்பிச்சா, நான் ஓடுதேன்னு அர்த்தம். நின்னுக்கிடுவேன். ஒண்ணுமே காதுல விழாம, ரேசன் கடையில இன்னிக்கி என்ன போடுதான்னு நெனப்பு ஓடிச்சுன்னா, தூங்கிக்கிட்டே ஏறுதேன்னு அர்த்தம். எட்டி வைப்பேன்."

"அப்போ இத்தனை நாள் நான் சொல்லிக்கிட்டு வந்தது?"

"எல்லாம் கேட்டேன். ஆத்தைக் கடந்து ராசா என்ன சொன்னான்னு மட்டும் ஒருநாள் காதுல விழல. அன்னிக்கி எனக்கு அவசரம்."

அவள் குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். முதல் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இன்னிக்கி கதை வேண்டாம் சாமி. கேட்டுக்கிட்டு வாங்க."

எதை என்று கேட்பதற்காக குகானந்தம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் ஏறினார்.